கேட்டல் என்னும் கல்வி: ஹோமியோபதிக் கல்லூரிகளில் மாணவர் மையப் பயிற்சி

மாணவர் மையக் கல்வி என்பது, ஆசிரியர் எத்தனை பாடங்களை நடத்தி முடித்தார் என்று கணக்குப் பார்ப்பதை விட்டுவிட்டு, அந்தப் பாடங்களின் முடிவில் மாணவரால் தாமாக எதைச் செய்ய முடிகிறது என்பதை அளவுகோலாகக் கொள்ளும் பயிற்றுமுறை ஆகும். பொறியியலுக்கும் சட்டத்துக்கும் இது பொருந்துவதைப் போலவே மருத்துவத்துக்கும் பொருந்தும் என்றாலும், ஹோமியோபதி மருத்துவக் கல்வியில் இதற்குத் தனியான ஒரு கூர்மை உண்டு. நோயாளி தம் வாயால் சொல்லும் விவரங்களையே மருந்துத் தேர்வின் முதன்மை ஆதாரமாகக் கொள்ளும் இம்முறையில், நோயாளியின் எதிரே உட்கார்ந்து கேட்கத் தெரியாத மாணவர், நூல்கள் அனைத்தையும் மனப்பாடம் செய்திருந்தாலும், தம் முறைப்படியே கூட ஒரு மருந்தைத் தேர்ந்தெடுக்க இயலாதவராக நின்றுவிடுவார்.

‘கேட்டல்’ என்னும் தமிழ்ச்சொல்லுக்குச் செவிகொடுத்தல், வினவுதல் என்று இரு பொருள்கள் இருப்பது இங்கே கருதத்தக்கது. நோயாளி சொல்வதைச் செவிகொடுத்துக் கேட்பது ஒரு பயிற்சி. ஆசிரியர் சொல்வதையும் நூல் சொல்வதையும் ‘இது எவ்வாறு மெய்யாகும்’ என்று எதிர்வினவிக் கேட்பது மற்றொரு பயிற்சி. முதற்பொருளில் கேட்டலை ஹோமியோபதிக் கல்வி தொடக்க காலம் முதலே போற்றி வந்திருக்கிறது. இரண்டாவது பொருளில் கேட்டலுக்கு அது போதிய இடம் தந்ததில்லை. இன்று இந்தியாவில் பாடத்திட்டங்கள் மாறிவரும் நிலையில், இவ்விரண்டும் ஒரே வகுப்பறையில் சேர்ந்து இடம்பெற வேண்டும் என்பதே இக்கட்டுரை வலியுறுத்த விரும்புவது.

முதலில் முறையைச் சுருக்கமாக அறிந்துகொள்வது நல்லது. ஜெர்மனியின் மெய்சன் நகரில் 1755-இல் பிறந்த சாமுவேல் ஹானிமன் என்ற மருத்துவர், 1790-இல் ஸ்காட்லாந்து மருத்துவர் வில்லியம் கல்லன் எழுதிய மருந்துப்பொருள் நூலை மொழிபெயர்த்துக் கொண்டிருந்தபோது, மலேரியாக் காய்ச்சலுக்குக் கொடுக்கப்பட்டுவந்த சிங்கோனா மரப்பட்டையைத் தாமே உட்கொண்டு பார்த்து, அந்தக் காய்ச்சலை ஒத்த குறிகள் தம் உடலில் தோன்றியதாகப் பதிவு செய்தார். நலமாக இருப்பவரிடம் எந்தக் குறிகளை ஒரு பொருள் தோற்றுவிக்கிறதோ, அதே குறிகளை உடைய நோயாளியை அப்பொருள் குணப்படுத்தும் என்னும் கொள்கையை அவர் 1796-இல் கட்டுரையாக வெளியிட்டு, 1810-இல் ‘ஆர்கனான்’ என்னும் நூலாக விரித்தார். மருந்தைப் படிப்படியாக நீர்த்துப்போகச் செய்து, ஒவ்வொரு படியிலும் குலுக்கித் தயாரிக்கும் செய்முறைக்கு வீரியப்படுத்துதல் என்று பெயர். மருந்துப் புட்டியின் மேல் காணப்படும் 30, 200 முதலிய எண்கள் அந்த வீரியத்தைக் குறிப்பவை.

இந்தியாவுக்கு இம்முறை வந்த வரலாற்றில் லாகூர் முன்னே நிற்கிறது. மகாராஜா ரஞ்சித் சிங்குக்கு 1839-இல் மருத்துவம் பார்த்த ஜான் மார்ட்டின் ஹோனிக்பெர்கர் வழியாக இது அங்கே அறிமுகமானது. 1840-களில் சாமுவேல் புரூக்கிங் என்ற ஓய்வுபெற்ற மருத்துவர் தஞ்சாவூரிலும் புதுக்கோட்டையிலும் ஹோமியோபதி மருத்துவமனை நடத்தியதால், தமிழ்நாட்டுக்கும் இவ்வரலாற்றில் முன்வரிசையில் ஓரிடம் உண்டு. கல்கத்தாவில் 1881-இல் கல்லூரி தோன்றியது. 1973-இல் இயற்றப்பட்ட மத்திய சட்டம் நாடு முழுவதும் இக்கல்வியை ஒழுங்குபடுத்தியது. மதுரையை அடுத்த திருமங்கலத்தில் அரசு ஹோமியோபதி மருத்துவக் கல்லூரி 1975-இல் தொடங்கப்பட்டது. 1973-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2020-இல் தேசிய ஹோமியோபதி ஆணையச் சட்டம் வந்தது. அதன்கீழ் 2022-இல் வெளியிடப்பட்ட விதிமுறைகளின்படி, பி.எச்.எம்.எஸ். எனப்படும் இளநிலைப் பட்டப்படிப்பு, 18 மாத முதலாண்டு, தலா 12 மாதங்கள் கொண்ட மூன்று ஆண்டுகள், 12 மாத உள்ளிருப்புப் பயிற்சி என ஐந்தரை ஆண்டுகளாக அமைந்துள்ளது. உடற்கூறியல், உடலியங்கியல், நோய்க்குறியியல், மகப்பேறு, அறுவை மருத்துவம் ஆகியவற்றை இம்மாணவர்களும் படிக்கிறார்கள். உளவியல், ஆய்வுமுறையியல், உயிர்ப்புள்ளியியல் ஆகியவற்றின் அடிப்படைகளும் புதிதாகச் சேர்க்கப்பட்டுள்ளன. பாடத்திட்டம் தன்னைத் ‘திறன் அடிப்படையிலானது’ என்று அறிவித்துக்கொள்கிறது. அந்தச் சொல்லின் பொருள் வகுப்பறைக்குள் இறங்குகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

மாணவரை மையத்தில் வைக்கும் சிந்தனை ஹோமியோபதிக்கு உரிய கண்டுபிடிப்பு அன்று. அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1951-இல் வெளியிட்ட தம் நூலில் மாணவர் மையக் கற்பித்தல் குறித்து ஓர் அத்தியாயமே எழுதினார். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 1969-இல் தன் மருத்துவப் பள்ளியைத் தொடங்கியபோது, விரிவுரைகளை முதன்மையாகக் கொள்ளாமல், ஒரு நோயாளியின் பிரச்சினையைச் சிறு குழுவின் முன் வைத்து, அதைத் தீர்க்கத் தேவையான அறிவை மாணவர்களே தேடிக் கொண்டுவரச் செய்யும் முறையைக் கையாண்டது. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரைச் சேர்ந்த ரொனால்ட் ஹார்டன் 1984-இல் தம் சகாக்களுடன் மருத்துவப் பாடத்திட்டங்களை மதிப்பிட வகுத்த ஆறு அளவுகோல்களில், மாணவர் மையமா ஆசிரியர் மையமா என்பதே முதலாவதாக இருந்தது. ஜார்ஜ் மில்லர் 1990-இல் வரைந்து காட்டிய நான்கு படி ஏணி இன்று இந்திய மருத்துவப் பாடத்திட்டங்கள் பலவற்றிலும் எடுத்தாளப்படுகிறது: அறிந்திருத்தல், எவ்வாறு செய்வதென அறிந்திருத்தல், செய்து காட்டுதல், உண்மையான பணியிடத்தில் செய்தல். எழுத்துத் தேர்வு முதல் இரண்டு படிகளை மட்டுமே அளக்கும். நோயாளிக்கு வேண்டியது நான்காவது படி.

ஹோமியோபதிக் கல்லூரிகளில் நெடுங்காலம் ஓங்கியிருந்தது முதற்படியே ஆகும். மெட்டீரியா மெடிக்கா எனப்படும் மருந்துக்குறி நூலில் நூற்றுக்கணக்கான மருந்துகளும், அவை ஒவ்வொன்றின் கீழும் தலை முதல் கால் வரையான குறிகளும் பட்டியலிடப்பட்டிருக்க, மாணவர் அவற்றை மந்திரம் போல உருவேற்றித் தேர்வுத்தாளில் கொட்டிவிட்டு வருவதே படிப்பாக இருந்தது. இவ்வாறு படித்தவர் நூலில் உள்ள நோயாளியை நன்றாக அறிவார். எதிரே அமர்ந்திருக்கும் நோயாளியோ நூலில் உள்ள வரிசையில் பேசுவதில்லை. இடுப்பு வலியில் தொடங்கி, மருமகளுடன் நேர்ந்த மனத்தாங்கலுக்குப் போய், நடுவே பத்து வருடத்துக்கு முந்தைய மஞ்சள் காமாலையைத் தொட்டு, எழுந்திருக்கும் நேரத்தில் ‘ராத்திரியில மூச்சு முட்டுதுங்க’ என்று சொல்பவரிடமிருந்து எது முக்கியம் என்று பிரித்தெடுக்கும் திறனை எந்த மனப்பாடமும் தருவதில்லை.

ஆகவே, மாணவர் மையப் பயிற்சியின் உயிர்நாடியாக இருப்பது, மாணவர்களின் பேச்சுவழக்கில் ‘கேஸ் எடுப்பது’ எனப்படும், நோயாளியின் வரலாற்றைக் கேட்டு எழுதும் வேலையாகும். இதற்கான நெறிகளை ஹானிமன் ஆர்கனான் நூலின் 83-ஆம் பத்தி முதல் தொகுத்துக் கூறியிருக்கிறார். முன்முடிவு இல்லாத மனம், பழுதற்ற புலன்கள், கவனம், கண்டதை அப்படியே பதிவதில் நேர்மை ஆகியவை மருத்துவருக்கு வேண்டும் என்று அவர் தொடங்குகிறார். நோயாளி தம் துன்பத்தைத் தாமே சொல்லி முடிக்கட்டும். உடனிருப்பவர்கள் கண்டதைச் சொல்லட்டும். பேச்சு வேறு திசைக்குப் போனாலன்றி மருத்துவர் குறுக்கிட வேண்டாம். நோயாளி பயன்படுத்திய சொற்களிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு குறியையும் புதிய வரியில் எழுதி, பின்னால் தெரியவரும் விவரத்தைச் சேர்க்க இடம் விட வேண்டும். ஆம், இல்லை என்று மட்டும் விடை வரக்கூடிய வினாக்களைக் கேட்கக் கூடாது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இந்த நெறிகள், இன்று எந்த மருத்துவக் கல்லூரியின் தொடர்புத்திறன் வகுப்பிலும் வைக்கத் தகுதியானவை. ஹோமியோபதியின் மருந்துக் கொள்கையை ஏற்காதவரும் இந்தப் பகுதியைப் படித்துப் பயன் பெறலாம்.

இந்நெறி நடைமுறையில் எவ்வளவு கடினமானது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். மூட்டு வலிக்கு ஹோமியோபதி நூல்கள் கூறும் மருந்துகளில் ரஸ்டாக்ஸ், பிரையோனியா என்னும் இரண்டும் இணையாகப் பயிற்றப்படுபவை. எழுந்து முதல் சில அடி வைக்கும்போது வலி மிகுந்து, நடக்க நடக்கக் குறைந்தால் முன்னது. சிறிய அசைவுக்கும் வலி மிகுந்து, அசையாமல் கிடந்தால் சுகம் தெரிந்தால் பின்னது என்பது பாடம். இதை முந்தின நாள் படித்துவிட்டு வரும் மாணவர், முழங்கால் வலியோடு வந்த அம்மாவிடம், ‘நடக்க நடக்க வலி குறையுதாம்மா?’ என்று கேட்டால், டாக்டர் கேட்கிறாரே என்ற மரியாதையில் அவர் ‘ஆமாங்க’ என்று தலையாட்டிவிடக் கூடும். அப்படிப் பெறப்பட்ட விடை நோயாளியின் குறி ஆகாது. மாணவர் தம் பாடத்தையே நோயாளியின் வாயால் சொல்ல வைத்ததாகும். ‘காலையில எழுந்ததுல இருந்து படுக்கிற வரைக்கும் இந்த வலி எப்படி இருக்குன்னு சொல்லுங்கம்மா’ என்று கேட்டுவிட்டு, பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பதுதான் பயிற்சி. இடையில் விழும் மௌனத்தைப் பொறுத்துக்கொள்வது இளம் மாணவருக்கு எளிதில் கைகூடுவதில்லை. ஆசிரியர் பின்வரிசையில் அமர்ந்து, எந்த இடத்தில் மாணவர் அவசரப்பட்டார், எந்தச் சொல்லைத் தவறவிட்டார் என்று குறித்துவைத்து, நோயாளி சென்ற பிறகு அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பேசும்போதுதான் இக்கலை கைவருகிறது.

தமிழ்நாட்டு மாணவருக்கு இங்கே இன்னொரு சுமையும் இருக்கிறது. கேட்ட குறிகளை மருந்துகளோடு பொருத்திப் பார்க்க உதவும் நூலுக்கு ரெப்பர்டரி என்று பெயர். குறிகளைத் தலைப்புகளாக வரிசைப்படுத்தி, ஒவ்வொரு தலைப்பின் கீழும் அக்குறிக்குரிய மருந்துகளைப் பட்டியலிடும் அகராதி போன்றது அது. பரவலாகப் பயன்படும் ரெப்பர்டரி, அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் டைலர் கென்ட் 1897-இல் வெளியிட்டது. ஆக, இன்றைய தமிழ் நோயாளி ஒருவர் சொல்வதை, 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவின் ஆங்கிலத் தலைப்புகளுக்குள் கொண்டுபோய் வைக்க வேண்டியிருக்கிறது. தமிழில் வலியைக் குறிக்கும் சொற்களோ எண்ணற்றவை. கை கால் குடைச்சல் எடுக்கும், கால் உளையும், பாதம் காந்தும், நெஞ்சு கரிக்கும், வயிறு பிசையும், இடுப்பு கடுக்கும், விலாவில் சுருக்கென்று குத்தும், பொட்டு விண் விண்ணென்று தெறிக்கும், தோள்பட்டை மரத்துப்போகும். இவற்றில் குத்தலுக்கும் எரிச்சலுக்கும் தெறிப்புக்கும் ரெப்பர்டரியில் நேரான தலைப்புகள் கிடைத்துவிடுகின்றன. உளைச்சலுக்கு எதைக் கொள்வது? உடம்பு வலிக்கு வழங்கிய அச்சொல் இன்று மன உளைச்சல் என்று மனத்துக்கும் சென்றுவிட்டது. உடற்குறியையும் மனக்குறியையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லும் ஒரு மருத்துவமுறையைப் படிப்பவர் நின்று யோசிக்க வேண்டிய சொல் அது.

சில சொற்கள் ஆபத்தையும் உள்ளே வைத்திருப்பவை. ‘இழுப்பு’ என்று ஒருவர் சொன்னால், கெண்டைக்கால் தசை பிடித்திழுப்பதையும் சொல்லியிருக்கலாம், மூச்சிழுப்பையும் சொல்லியிருக்கலாம், கை கால் வெட்டியிழுக்கும் வலிப்பையும் சொல்லியிருக்கலாம். ‘மயக்கம்’ என்பது தலைசுற்றலாகவும் இருக்கலாம், நினைவு தப்பிக் கீழே விழுந்ததாகவும் இருக்கலாம். சொல்லை அப்படியே எழுதிக்கொள் என்று ஹானிமன் சொன்னது சரிதான். எழுதிய சொல்லுக்கு நோயாளி கொண்ட பொருள் என்ன என்பதை உடனே கேட்டுத் தெளிவது அதனினும் இன்றியமையாதது. வட்டார வழக்குகளில் நோயைச் சொல்லும் சொற்களை மாணவர்களே சேகரித்து, வகுப்பில் வைத்து விவாதித்து, ஒரு கையேடாகத் தொகுத்தால், அது மாணவர் மையக் கல்விக்குச் சிறந்த செயல்திட்டமாக அமையும். நெல்லை மாணவருக்குத் தெரிந்த சொல் தருமபுரி மாணவருக்குப் புதிதாக இருக்கும் என்பதால், இப்பாடத்தில் மாணவர்களே ஒருவருக்கொருவர் ஆசிரியராக இருக்க முடியும்.

உண்மையான நோயாளியிடம் செல்வதற்கு முன்னால், நோயாளியாக நடிக்கப் பயிற்சி பெற்ற ஒருவரிடம் பழகிப் பார்க்கும் முறையை அமெரிக்க மருத்துவர் ஹோவர்ட் பாரோஸ் 1963-இல் தொடங்கிவைத்தார். செலவின்றிச் செய்யத்தக்க இதனை எந்தக் கல்லூரியும் மேற்கொள்ளலாம். ஒரு மாணவர் நோயாளியாகவும், மற்றொருவர் மருத்துவராகவும், மூன்றாமவர் பார்வையாளராகவும் மாறி மாறி அமர்ந்தாலே போதும். நோயாளி வேடத்தில் இருப்பவருக்கு ஒரு குறிப்புச்சீட்டு தரப்படுகிறது என்று கொள்வோம்: மூன்று வாரமாக இருமல், படுத்தால் அதிகம், வெந்நீர் குடித்தால் சற்று இதம், கேட்டால் மட்டும் சொல்ல வேண்டியவை மாலைக் காய்ச்சலும் எடைக்குறைவும். மருந்துக்குறிகளில் தோய்ந்த மாணவர், எந்தப் பக்கம் படுத்தால் இருமல் கூடுகிறது, என்ன குடித்தால் குறைகிறது என்று நுணுக்கமாக விசாரித்து ஒரு பக்கம் நிறைய எழுதிவிடுவார். காய்ச்சலைப் பற்றியும் எடையைப் பற்றியும் கேட்காமலே எழுந்துவிடுவதும் நடக்கக்கூடியதே. இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலுக்குச் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பதும், காசநோய் கண்டறியப்பட்டால் அதை அரசுக்குத் தெரிவிப்பது 2012 முதல் இந்தியாவில் கட்டாயம் என்பதும், எந்த மருத்துவமுறையைப் பின்பற்றுபவருக்கும் பொதுவான கடமைகள். இந்தத் தவறு வகுப்பறையில், சக மாணவரிடம் நேர்வது நல்லது. அங்கே நேர்ந்தால் அது பாடம்; புறநோயாளிகள் பிரிவில் நேர்ந்தால் ஒரு குடும்பமே நோய்வாய்ப்படக்கூடும்.

அடுப்பங்கரையில் நிற்கும்போது மார்பில் பாறாங்கல்லை வைத்ததுபோல் அழுத்துகிறது என்பவர், பேச்சு திடீரென்று குழறுபவர், வாழ்நாளில் இதுவரை வராத கடுமையுடன் ஒரே நொடியில் தலைவலி வந்தவர், கர்ப்ப காலத்தில் இரத்தப்போக்கு கண்டவர், தண்ணீர் கூட இறங்காத குழந்தை ஆகியோரைக் கண்டவுடன், ரெப்பர்டரியை மூடிவிட்டு ஆம்புலன்சை அழைக்கத் தெரிவதே ஹோமியோபதி மாணவர் கற்க வேண்டிய தலையாய திறன் என்று கூறுவது மிகையாகாது. இதைத் தாள் தேர்வால் சோதிக்க இயலாது. ஹார்டன் 1975-இல் அறிமுகப்படுத்திய ஆஸ்கி என்னும் தேர்வுமுறையில், மாணவர் பல மேசைகளை வரிசையாகக் கடந்து செல்ல, ஒவ்வொரு மேசையிலும் சில நிமிடங்களில் ஒரு செயலைச் செய்து காட்ட வேண்டும். எல்லா மாணவருக்கும் ஒரே பணி, ஒரே மதிப்பெண் பட்டியல். அந்த மேசைகளில் ஒன்றிலாவது, ‘இந்நோயாளிக்கு மருந்து தருவதில்லை, உடனே மேல்சிகிச்சைக்கு அனுப்புகிறேன்’ என்பதே சரியான விடையாக அமைய வேண்டும்.

இனி, கேட்டலின் இரண்டாம் பொருளுக்கு வரலாம். ஹானிமன் 1812 முதல் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாற்றிய காலத்தில், தம் மாணவர்களை மருந்துச் சோதனைகளில் நேரடியாக ஈடுபடுத்தினார். நலமாக இருக்கும் மாணவர் ஒரு பொருளை உட்கொண்டு, அதன்பின் தம் உடலிலும் மனத்திலும் தோன்றும் மாற்றங்களை நாள்தோறும் எழுதிவர, ஆசிரியர் அவற்றைக் குறுக்குவிசாரணை செய்து தொகுப்பார். இதற்கு மெய்ப்பிப்பு என்று பெயர், கல்லூரிகளில் புரூவிங் என்பார்கள். மாணவர் தம் உடலையே பாடநூலாக்கிக்கொண்ட இந்த ஏற்பாட்டை, இத்துறையின் முதல் மாணவர் மையப் பயிற்சி என்று சொல்லத் தோன்றும். அதில் ஒரு பெரிய குறை இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத குழு ஒன்று அங்கே இல்லை. மருந்து உட்கொண்டிருக்கிறோம் என்று அறிந்திருந்த மாணவர், வழக்கமாக வந்துபோகும் தலைவலியையும் மருந்தின் கணக்கில் எழுதிவிட வாய்ப்பிருந்தது.

அக்குறையைக் களைந்த சோதனை ஒன்று ஹானிமன் உயிரோடிருந்த காலத்திலேயே, 1835-இல், நியூரம்பெர்க் நகரில் நடந்தது. சாதாரண உப்பை 30 வீரியத்துக்குக் கொண்டுவந்த கரைசலைச் சில குப்பிகளிலும், பனி உருகிய வெறும் நீரை வேறு சில குப்பிகளிலும் நிரப்பி, கலைத்து எண்ணிட்டு, எந்தக் குப்பியில் எது இருக்கிறது என்பது கொடுப்பவருக்கும் குடிப்பவருக்கும் தெரியாதவாறு வழங்கினார்கள். விவரம் தெரிவித்த 50 பேரில் 42 பேர் தமக்கு எந்த மாற்றமும் தோன்றவில்லை என்றார்கள். மாற்றம் உணர்ந்ததாகச் சொன்ன எட்டுப் பேரில் ஐவர் உப்புக் கரைசல் பெற்றவர்கள், மூவர் வெறும் நீர் பெற்றவர்கள். இருபுறமும் அறியாச் சோதனை என்று இன்று வழங்கும் ஆய்வுமுறைக்கு மிகப் பழைய முன்மாதிரிகளுள் ஒன்றாக இது மதிக்கப்படுகிறது. ஆய்வுமுறையியலும் புள்ளியியலும் பாடத்திட்டத்துக்குள் வந்துவிட்ட இன்று, ஒவ்வொரு ஹோமியோபதிக் கல்லூரி மாணவரும் இச்சோதனையைத் தம் வகுப்பிலேயே செய்து பார்ப்பதற்குத் தடை எதுவும் இல்லை. தேவையானவை நூறு குப்பிகளும், உப்பும், காய்ச்சி வடித்த நீரும், முடிவு எதுவாயினும் அதைச் சுவரில் ஒட்டும் துணிவுமே.

மருந்தாக்கச் செய்முறை வகுப்பும் அவ்வாறே கேள்விக்கு இடம் தரக்கூடியது. நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் முப்பது முறை நீர்த்தால், மூலப்பொருளின் பங்கு, 1-க்குப் பின் 60 சுழியங்கள் இட்ட எண்ணில் ஒன்றாகிவிடும். வேதியியல் கணக்குப்படி பன்னிரண்டாம் படியைத் தாண்டும்போதே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறும் எஞ்சியிருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. பள்ளியில் அவகாட்ரோ எண்ணைப் படித்துவிட்டு, நீட் தேர்வும் எழுதி வரும் மாணவர் மனத்தில் இக்கணக்கு எழாமல் இருக்காது. அந்தக் கேள்வியைக் கேட்பவரை ‘நம்பிக்கை இல்லாதவர்’ என்று அமர்த்திவிடும் வகுப்பு, எத்தனை குழு விவாதங்களை நடத்தினாலும் மாணவர் மைய வகுப்பு ஆகாது.

உலக அளவில் ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்பதையும் மாணவருக்கு மறைக்கக் கூடாது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் அறிவியல் தொழில்நுட்பக் குழு 2010-இல் ஆதாரங்களைப் பரிசீலித்து, ஹோமியோபதி மருந்துகள் வெற்று மருந்தைவிடக் கூடுதலாகச் செயல்படுவதில்லை என்று முடிவு கூறியது. வெற்று மருந்து என்பது மருந்துப்பொருள் இல்லாத, மருந்து போலத் தோன்றும் உருண்டை அல்லது நீர். ஆஸ்திரேலியாவின் தேசிய உடல்நல மருத்துவ ஆய்வு மன்றம் 2015-இல், எந்த ஒரு நோய்க்கும் ஹோமியோபதி பயனளிக்கிறது என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்று அறிவித்தது. ஹோமியோபதியர்கள் இம்முடிவுகளின் ஆய்வுமுறையை எதிர்த்து வாதிட்டு வருகிறார்கள். மாணவர் இரு தரப்பு எழுத்துக்களையும் மூலத்திலேயே படித்து, புள்ளியியல் வகுப்பில் கற்றதைக் கொண்டு எடைபோட்டுப் பார்க்க வேண்டும். இன்றைய நிலையில் ஆதாரத்தின் எடை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதில் ஐயம் இல்லை. அதை நேராகச் சொல்லும் ஆசிரியரை மாணவர் பிறகு எக்காலத்திலும் குறைகூற மாட்டார்.

வரலாற்றில் இதற்கொரு பாடம் இருக்கிறது. அமெரிக்காவில் 1900-இல் 22 ஹோமியோபதிக் கல்லூரிகள் இருந்தன. ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர் மருத்துவக் கல்லூரிகளைப் பற்றி 1910-இல் அறிக்கை வெளியிட்டபோது அவை 15 ஆகியிருந்தன, பின்னர் ஒவ்வொன்றாக மூடப்பட்டன அல்லது வேறு மருத்துவக் கல்லூரிகளாக மாறின. முதலிரண்டு ஆண்டுகள் ஆய்வகத்தில் எதையும் சோதித்துப் பார் என்று கற்பித்துவிட்டு, அதன்பின் சோதனைக்கு உட்படாத கொள்கை ஒன்றை ஏற்றுக்கொள் என்று கூறுவது ஒன்றுக்கொன்று முரண்பட்டது என்பதே ஃபிளெக்ஸ்னர் காட்டிய குறை. நூறாண்டு கடந்தும் அக்குறிப்பு பழையதாகிவிடவில்லை.

சோதித்துப் பார்க்கும் மனப்பாங்குக்கு இந்தியாவில் ஒரு முன்மாதிரி உண்டு. கல்கத்தாவில் நவீன மருத்துவத்தில் உயர்பட்டம் பெற்ற மகேந்திரலால் சர்க்கார், முதலில் ஹோமியோபதியைக் கடுமையாக எதிர்த்தவர்; தாமே நோயாளிகளைக் கவனித்துப் பார்த்த பின் 1867-இல் அதன்பால் திரும்பி, அதற்காகச் சக மருத்துவர்களின் புறக்கணிப்பையும் ஏற்றார். அவர் எட்டிய முடிவை இன்றைய ஆய்வுகள் ஆதரிக்கவில்லை என்றாலும், தன் கண்ணால் பார்த்து மனத்தை மாற்றிக்கொள்ளும் உரிமை மருத்துவருக்கு உண்டு என்று நிலைநாட்டியவர் அவர். அவரே 1876-இல் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தை நிறுவினார். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி. ராமன், 1928-இல் தம் பெயரால் வழங்கும் ஒளிச்சிதறல் விளைவைக் கண்டறிந்தது அந்தக் கழகத்தின் ஆய்வகத்தில்தான். ஹோமியோபதி மருத்துவர் ஒருவர் எழுப்பிய அறிவியல் கூடம் அது என்பதை ஹோமியோபதி மாணவர்கள் பெருமையோடு நினைக்கலாம். சோதனைக்கு அஞ்ச வேண்டியதில்லை என்ற துணிவையும் அங்கிருந்தே பெறலாம்.

இவ்வளவுக்கும் நடுவே கல்லூரிகளின் நடைமுறைச் சிக்கல்களையும் மறந்துவிட முடியாது. மாணவர் ஒருவர் நோயாளியிடம் ஒரு மணிநேரம் அமர வேண்டுமென்றால், போதிய நோயாளிகள் வர வேண்டும், தனியறை வேண்டும், எழுதியதைப் படித்துத் திருத்த ஆசிரியருக்கு நேரம் வேண்டும். இவை இல்லாத இடத்தில், கேஸ் புத்தகம் என்பது ஒருவர் எழுதியதைப் பத்துப் பேர் பார்த்தெழுதும் சடங்காகிவிடுகிறது. ஒரே நோயாளி, ஒரே வலி, ஒரே மருந்து பத்துக் கையெழுத்துகளில் வருகிறது. இருபது கேஸ்களைப் பார்த்தெழுதுவதைவிட, ஐந்தை நேரில் எடுத்து, அந்த நோயாளிகள் மீண்டும் வரும்போது தொடர்ந்து கவனித்து, குணமாகாதவர்களைப் பற்றியும் உள்ளபடி எழுதுவது பன்மடங்கு பயன் தரும். குணமாகாத கேஸ்களுக்கென்றே மாதம் ஒருமுறை ஒரு கூட்டம் நடத்தும் கல்லூரியில் மாணவர் கற்பது மிகுதி.

பி.எச்.எம்.எஸ். படிப்பில் சேர விரும்பும் மாணவரும் பெற்றோரும், கட்டணத்தையும் விடுதியையும் விசாரிக்கும்போதே வேறு சிலவற்றையும் விசாரித்தறிய வேண்டும். புறநோயாளிகள் பிரிவுக்கு நாளொன்றுக்கு எத்தனை நோயாளிகள் வருகிறார்கள், மூன்றாமாண்டு மாணவர் ஒருவர் ஓராண்டில் எத்தனை பேரிடம் தாமே கேஸ் எடுக்கிறார், எழுதியதை எந்த ஆசிரியர் படித்துப் பார்க்கிறார், அவசர நோயாளி வந்தால் எந்த மருத்துவமனைக்கு, எத்தனை நிமிடத்தில் அனுப்பப்படுகிறார், வகுப்பில் மாணவர் எதிர்க்கேள்வி கேட்டால் என்ன நடக்கும் என்பவை அவை. இவற்றுக்கான விடைகளைக் கல்லூரியின் அலுவலகத்தில் கேட்பதோடு நிறுத்தாமல், உள்ளிருப்புப் பயிற்சியில் இருக்கும் மாணவர்களைத் தேடிப்பிடித்து அவர்களிடமும் கேளுங்கள்.